சின்னக் கை, கண்ணாடி, வியர்க்கும் உள்ளங்கை: எந்த டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் பிடிக்க வசதி?

கடலோரம்_வெள்ளவத்தை:

வணக்கம். மாமா வைத்திருந்த ஸோர்க்கி 4 என்ற பழைய சோவியத் பிலிம் ரேஞ்ச்பைண்டர் கமராவும் அதோடு வந்த ஜுப்பிட்டர்-8 லென்ஸும் (50 மி.மீ., எஃப்2) இப்போது என்னிடம் இருக்கின்றன. பிலிம் வாங்கி, கழுவக் கொடுத்து, ஸ்கான் பண்ணி எடுப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை, ஆனால் வியூபைண்டருக்குள் தெரியும் இரண்டு உருவங்களையும் ஒன்றாகச் சேர்த்து போக்கஸ் பண்ணும் முறை மனதில் ஒட்டிவிட்டது, இனி அதை விட மனமில்லை. அதனால் பாவித்த டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் ஒன்று வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் படம் எடுப்பது பெரும்பாலும் செட்டியார் தெரு, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள், ஆடிவேல் விழாக் காலத்தில் தேரோடு பம்பலப்பிட்டி வரைக்கும். இப்போது இருக்கும் பெரிய டிஎஸ்எல்ஆரைத் தூக்கிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் போனால் முதலில் கமராவைத்தான் பார்க்கிறார்கள், பிறகு முகத்தை இறுக்கிக்கொள்கிறார்கள்.

அளவுகளைத் தேடிப் பார்த்தேன். லைக்கா எம்9 139×80×37 மி.மீ., 585 கிராம். எம்240 அதே நீளம், அதே உயரம், தடிப்பு மட்டும் 42 மி.மீ., எடை 680 கிராம். எம்10 திரும்பவும் 38.5 மி.மீ.க்கு இறங்கி 660 கிராம். இந்த 4, 5 மில்லிமீற்றர் வித்தியாசம் கையில் உண்மையிலேயே தெரியுமா? என் கை சின்னது, கண்ணாடி போடுகிறேன், கொழும்பு வெக்கைக்கு உள்ளங்கை எப்போதும் ஈரம்தான். மெல்லியதை எடுப்பதா, பிடிக்க வசதியானதை எடுப்பதா? இரண்டும் ஒன்றேதானா? கையில் வைத்துப் பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

தங்கச்சி, வித்தியாசம் தெரியும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. எம்9, எம்240 இரண்டையும் வைத்திருந்து பாவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மேசையில் அடுத்தடுத்து வைத்தால் எம்240 கொழுத்துத்தான் தெரியும். கையில் எடுத்தால் அதுதான் நன்றாக அடங்கும். காரணம் பின்பக்கம். எம்9இன் முதுகு முழுக்கத் தட்டை, கட்டைவிரலை ஊன்ற ஒரு இடமும் இல்லை, அதனால் விரல் நுனிகளால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், கை ஈரமாக இருந்தால் இன்னும் இறுக்கம், கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கத் தொடங்கிவிடும். எம்240இல் மேல் மூலையில், கட்டைவிரலால் சுழற்றும் சக்கரத்துக்குப் பக்கத்தில், சின்ன மேடு ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் தானாகவே அங்கே போய் நிற்கும். எடை கிட்டத்தட்ட 100 கிராம் கூடினாலும் பிடிக்கும்போது களைப்புக் குறைவு. கையைப் பொறுத்தவரை தடிப்பை விட விரல் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு.

இந்தத் தடிப்பு எங்கிருந்து வந்தது என்று விளங்கினால் தெரிவு செய்ய லேசாக இருக்கும். எம் மவுண்டில், அதாவது லைக்கா எம் கமராக்களில் லென்ஸ் மாட்டும் வாயில், லென்ஸ் பொருந்தும் விளிம்பில் இருந்து பிலிம் தளம் வரைக்கும் 27.8 மி.மீ. இருந்தே ஆக வேண்டும், 1954இல் வந்த எம்3 தொடக்கம் இது மாறவில்லை. பிலிம் கமராவில் அந்தத் தளத்துக்குப் பின்னால் பிலிமை அழுத்தும் தகடும் கதவும் மட்டும்தான், அதனால் எம்6 சுமார் 33.5 மி.மீ.இல் முடிந்துவிட்டது. டிஜிட்டலில் அதே இடத்தில் சென்சர், அதன் பின்னால் சர்க்கிட் போர்ட், அதற்கும் பின்னால் திரை. முன்பக்கமாக நகர்த்த வழியில்லை, நகர்த்தினால் லென்ஸ் கணக்கு எல்லாம் பிழைத்துவிடும், ஆகவே எல்லாம் முதுகுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிற்று. எம்10இல் மெல்லியதாக்கியபோது பட்டரிக்கான இடமும் சுருங்கியது. எம்240இன் பட்டரி 1800 எம்ஏஎச், எம்10இன் பட்டரி 1100. காலையில் செட்டியார் தெருவில் தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் தேரோடு நடக்கிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை, எம்10 என்றால் பையில் இரண்டாவது பட்டரி கட்டாயம்.

நீளம் ஏன் குறையவில்லை என்றும் சிலர் கேட்பார்கள். அந்த இரண்டு உருவங்களையும் தரும் ரேஞ்ச்பைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கும் இடையில் தூரம் வேண்டும், லைக்காவில் அது 69 மி.மீ. அளவு. அதைக் குறுக்கினால் போக்கஸின் துல்லியம் போய்விடும். ஆகவே சட்டைப் பையில் போடுகிற அளவில் நல்ல ரேஞ்ச்பைண்டர் ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம்.

எம்9 வாங்குவதாக இருந்தால் ஒன்று கட்டாயம் விசாரியுங்கள்: சென்சர் மாற்றியதா இல்லையா. அந்த சிசிடி சென்சருக்கு மேலுள்ள கண்ணாடி அரித்துப் போகும் பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்தது, கொம்பனியே ஏற்றுக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. நம்முடைய ஈரக் காற்றில் மாற்றாத ஒன்றை வாங்க நான் சொல்லமாட்டேன்.

நூற்றியொன்று_பஸ்:

எனக்கு வேறு அபிப்பிராயம். அளவும் வசதியும்தான் முக்கியம் என்றால் பூஜி எக்ஸ்100 வரிசையைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். 2024இல் வந்த எக்ஸ்100விஐ பட்டரி, கார்ட் எல்லாம் சேர்த்து 521 கிராம், அதற்குள்ளேயே லென்ஸும் அடக்கம். தடிப்பு 55.3 மி.மீ. என்று பார்த்துவிட்டுப் பெரிது என்று நினைக்கக் கூடாது, அந்த 55.3 லென்ஸையும் சேர்த்து. எம்10இன் 38.5 வெறும் உடம்பு மட்டும், அதில் லென்ஸ் ஒன்றை மாட்டிய பிறகு இரண்டையும் ஒரே பைக்குள் வைத்துப் பாருங்கள். நான் மொரட்டுவையில் இருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற ஆள், ஒரு கை எப்போதும் கம்பியில். மற்றக் கையால் மட்டும் எடுத்து, போக்கஸ் பண்ணி, அமத்த வேண்டும். ரேஞ்ச்பைண்டரில் அது நடக்காது, இடது கை லென்ஸ் வளையத்தில் இருந்தே ஆக வேண்டும். வசதி என்று கதைக்கும்போது இதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை என்று விளங்கவில்லை.

கொட்டாஞ்சேனைக்காரன்:

தம்பி சொல்வது நியாயம், எக்ஸ்100 நல்ல கமராதான். ஆனால் அது ரேஞ்ச்பைண்டர் இல்லை. தோற்றம் அந்த மாதிரி, வியூபைண்டர் இடது மூலையில் இருக்கும், ஒப்டிகலும் எலெக்ட்ரோனிக்கும் மாறி மாறிப் பார்க்கலாம், அவ்வளவுதான். லென்ஸைக் கழற்றவும் முடியாது. இவரிடம் மாமாவின் ஜுப்பிட்டர் இருக்கிறது, அதை என்ன செய்வது? பூஜியின் எக்ஸ்-ப்ரோ3 வாங்கி அடாப்டர் போட்டால் மாட்டலாம், ஆனால் அந்தச் சின்னச் சென்சருக்கு 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. மாதிரி ஆகிவிடும், கோணம் ஒடுங்கும், போக்கஸும் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான். அவர் கேட்ட ருசி அதில் வராது.

பழைய_பிலிம்_டப்பா:

எப்சன் ஆர்-டி1ஐ ஏன் எல்லோரும் மறந்துவிட்டீர்கள்? 2004இல் வந்த முதலாவது டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் அதுதான், லைக்கா எம்8 வந்ததே 2006இல். 6 மெகாபிக்ஸல்தான், சென்சரும் சின்னது, இங்கேயும் 50 மி.மீ. 75 ஆகும், எல்லாம் சரி. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிலிம் கமரா மாதிரியே ஷட்டரை ஏற்ற ஒரு நெம்புகோல் இருக்கிறது, ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். அதனால் கட்டைவிரலுக்கு எப்போதும் வேலையும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. மேலே மணிக்கூடு மாதிரி முள்ளுகள், கார்டில் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம், பட்டரி எவ்வளவு என்று காட்டிக்கொண்டே இருக்கும். திரையை உட்பக்கமாகத் திருப்பி மூடிவிடலாம், வியர்வை, மூக்கு எண்ணெய் ஒன்றும் அதில் படாது.

வியூபைண்டர் 1:1, வெறுங்கண்ணுக்குத் தெரியும் அதே அளவு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்க்கலாம், தெருவின் மேல் ஒரு சட்டத்தை மட்டும் யாரோ தொங்கவிட்ட மாதிரி இருக்கும். மூன்றாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை மற்றக் கண் முதலே கண்டுவிடும். அந்தச் சனநெரிசலில் நான் இதைப் பெரிய வசதி என்று சொல்வேன்.

குறையையும் சொல்ல வேண்டும். உயரம் 88.5 மி.மீ., லைக்காவை விட நிமிர்ந்து நிற்கும், சின்னக் கைக்கு அது கொஞ்சம் உறுத்தலாம். ஜன்னல்களின் இடைவெளி 38 மி.மீ. அளவுதான், லென்ஸை முழுதாகத் திறந்து கிட்டத்தில் எடுக்கும்போது போக்கஸ் லைக்கா அளவுக்கு நம்பகமாக இருக்காது. முதலில் வந்த மொடலுக்கு 2 ஜிபிக்கு மேல் கார்ட் போட முடியாது. பழுதானால் உதிரிப்பாகம் தேடித் திரிய வேண்டும்.

கடலோரம்_வெள்ளவத்தை:

எல்லோருக்கும் நன்றி. எப்சனைப் பற்றி வாசிக்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரே கமராவாக வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது. மெல்லியதுதான் வசதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், கட்டைவிரல் விஷயம் எனக்குப் புதிது. ஸோர்க்கியை எடுத்துப் பார்த்தேன், சரிதான், முழு எடையும் வலது கை விரல் நுனிகளில்தான் நிற்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. கண்ணாடியோடு பார்க்கும்போது படத்தின் எல்லையைக் காட்டும் சட்டத்தின் ஓரத்துக் கோடுகள் தெரியுமா? ஜுப்பிட்டரை எம் உடம்பில் மாட்டினால் ஒழுங்காக வேலை செய்யுமா?

மழைக்கால_வெளிச்சம்:

தங்கச்சி, நானும் கண்ணாடிதான், கையும் சின்னக் கைதான், எம்10 பாவிக்கிறேன். அதனால் இதற்கு நானே பதில் எழுதுவது நல்லது.

கண்ணாடிக்கு எம்10தான். எம்9, எம்240 இரண்டிலும் வியூபைண்டர் 0.68 மடங்கு, எம்10இல் 0.73. பெரிதாகத் தெரிவது மட்டுமில்லை, கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்தாலும் முழுதும் தெரிகிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள், கண்ணாடி போடாதவர்களுக்கு இதன் அருமை விளங்காது. 50 மி.மீ. லென்ஸுக்கான சட்டம் தாராளமாகத் தெரியும். 35உம் தெரியும். 28 என்றால் கண்ணை அங்கும் இங்கும் உருட்ட வேண்டும். இடது கண்ணால் பார்க்கிறவர் என்றால் மூக்கு திரையில் நசியும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பார்க்கும் துளையின் விளிம்பு கண்ணாடியைக் கீறிவிடாமல் மெல்லிய இறப்பர் வளையம் ஒன்று ஒட்டுங்கள், வாங்கின அன்றைக்கே.

பிடிக்கும் வசதிக்கு: மேலே பிளாஷ் மாட்டும் ஹொட்ஷூவில் செருகுகிற கட்டைவிரல் தாங்கி ஒன்று போதும். எம்9இலும் எம்10இலும் அதைப் போட்ட பிறகு தடிப்பைப் பற்றி யோசிக்கவே தோன்றாது. முன்பக்கம் பெரிய கிறிப் பூட்ட வேண்டாம், கையின் அளவுக்கு மிஞ்சிவிடும், பிறகு இந்தக் கமரா வாங்கின நோக்கமே போய்விடும். நீளமான கழுத்துப் பட்டியை விட மணிக்கட்டுப் பட்டி நல்லது, ஈரக் கையில் நழுவினாலும் கீழே விழாது.

எடையைப் பார்க்கும்போது லென்ஸைத்தான் முதலில் பாருங்கள். லைக்காவின் 50 மி.மீ. எஃப்0.95 நொக்டிலக்ஸ் மட்டும் 700 கிராம், எம்10இன் உடம்பை விடக் கனம். அதை மாட்டினால் கமரா மூக்குக் குத்திக்கொண்டு நிற்கும், மெல்லிய உடம்பால் ஒரு பயனும் இல்லை. வொய்க்லேண்டர் கலர்-ஸ்கோபார் 35 மி.மீ. எஃப்2.5 வெறும் 134 கிராம், கீழே விரல் வைக்கச் சின்ன நாக்கு ஒன்றும் இருக்கிறது. அந்த நாக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று விரலுக்குப் பழகிவிட்டால் கமராவைக் கண்ணுக்குக் கொண்டு போக முதலே போக்கஸ் பாதி முடிந்துவிடும். உங்களுடைய ஜுப்பிட்டரும் பாரமில்லாத லென்ஸ்தான், அந்த வகையில் கவலை இல்லை.

ஜுப்பிட்டர் வேலை செய்யும். அது திருகு மவுண்ட், 1 மி.மீ. தடிப்பான அடாப்டர் வளையம் ஒன்று வேண்டும், 50 சட்டம் வருகிற வகையைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வேறு சட்டம் வந்து நிற்கும். அந்தச் சோவியத் லென்ஸ்களின் கணக்கு லைக்காவின் கணக்கோடு முழுதாக ஒத்துப்போகாது. தூரத்தில் சரியாக இருக்கும், கிட்ட வந்து எஃப்2இல், அதாவது லென்ஸை முழுதாகத் திறந்து, எடுத்தால் போக்கஸ் கொஞ்சம் விலகும். எஃப்4க்கு மூடினால் பெரும்பாலும் தெரியாது. 1 மீற்றருக்குக் கிட்டப் போகவும் முடியாது. மாமாவின் லென்ஸ் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், அலுமாரியில் உடுப்புக்குள் வைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடித்துவிடும்.

தெரு வேலையில் தொல்லை தருகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எம்9, எம்240, எம்10 எல்லாவற்றிலும் பட்டரியோ கார்டோ மாற்ற வேண்டுமென்றால் அடித்தட்டு முழுவதையும் கழற்ற வேண்டும். நடுத்தெருவில் ஒரு கையில் கமரா, ஒரு கையில் பட்டரி, தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பீர்கள். 2022இல் வந்த எம்11இல் அந்தத் தட்டை எடுத்துவிட்டார்கள், பட்டரி நேரே கழன்று வரும். அதன் கறுப்பு உடம்புக்கு மேல்தட்டு அலுமினியம், பட்டரியோடு 530 கிராம்தான், வெள்ளி நிறத்தது பித்தளை, 640. காசு எட்டினால் சின்னக் கைக்கு அந்தக் கறுப்பு எம்11தான் முதலாவது. எட்டாவிட்டால் எம்10, கூட ஒரு பட்டரி, ஒரு கட்டைவிரல் தாங்கி.

கொட்டாஞ்சேனைக்காரன்:

அக்கா சொன்ன கண்ணாடி விஷயத்தோடு நானும் ஒத்துப்போகிறேன், அதில் எம்240 பின்னுக்குத்தான். ஆனாலும் வாங்க முதல் இரண்டையும் தூக்கிப் பாருங்கள், தங்கச்சி. ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடல் பக்கம் வருவீர்கள் என்றால் என் எம்240ஐக் கொண்டு வருகிறேன். அக்காவும் எம்10ஐக் கொண்டு வந்தால் மாறி மாறி வைத்துப் பார்க்கலாம். ஜுப்பிட்டரையும் எடுத்து வாருங்கள், அடாப்டர் என்னிடம் இருக்கிறது.

கடலோரம்_வெள்ளவத்தை:

வருகிறேன் அண்ணா. அக்கா, உங்களுக்கு ஐந்து மணி சரிதானே?