ஆர்வி பயணத்துல வண்டி படுத்துக்கிச்சா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

லாஸ் ஏஞ்சலஸ்வாசி

கோடை வந்தா ஊர்லேருந்து அம்மா அப்பா வர்றாங்க, ஒரு ஆர்வி (படுக்கை, சமையலறையெல்லாம் உள்ளேயே இருக்கற வீட்டு வண்டி) எடுத்துட்டுக் கிளம்பலாம்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் யோசிக்கிறாங்க. எந்தப் பார்க், எந்த கேம்ப்கிரவுண்டுன்னு எல்லாரும் கேக்கறாங்க. வண்டி நடுவழியில நின்னா யாரைக் கூப்பிடறதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. அதான் இதை ஆரம்பிக்கறேன்.

எங்களோடது சொந்த வண்டி, வேன் சேசிஸ் (என்ஜினோட இருக்கற அடிச்சட்டம்) மேல வீடு கட்டின, கிளாஸ் சின்னு சொல்ற வகை. ரீனோவுலேருந்து யுஎஸ் 95-ல தெற்கே வந்துட்டிருந்தோம். நெவாடாவுல அந்த ரோடு எப்படின்னு போனவங்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் பொட்டல், பாதி தூரம் போன்ல சிக்னல் இருக்காது. டோனோபா தாண்டி கோல்டுஃபீல்டு வர்றதுக்குள்ள டேஷ்போர்டுல பேட்டரி விளக்கு எரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல ஏசி காத்து குறைஞ்சு, இண்டிகேட்டர் மங்கிடுச்சு. பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போச்சு.

ரிப்பேர்னு பாத்தா சின்னதுதான். யார் செய்வாங்கங்கறதுதான் பெரிய கதை. ஆர்வியில என்ஜின், கியர், சக்கரமெல்லாம் ஒரு கம்பெனி. மேல இருக்கற வீடு இன்னொரு கம்பெனி. ஃப்ரிட்ஜ், ஹீட்டர், ஜெனரேட்டர்னு ஒவ்வொண்ணும் வேற வேற ஆள், வேற வேற வாரண்டி. லாஸ் வேகஸ்ல ஒரு ஆர்வி டீலருக்குப் போன் போட்டா, "என்ஜின் வேலை நாங்க தொடறதில்லை"ன்னுட்டாங்க. சேசிஸ் கம்பெனியோட கார் டீலரைக் கேட்டா, "உயரம் எவ்வளவு?"ன்னாரு. 11 அடிக்கு மேலன்னேன். "எங்க ஷெட் வாசல்ல நுழையாது சார்."

டோ, அதாவது நின்ன வண்டியை இழுத்துட்டுப் போறது, அதுக்கு மேல. ரோட்சைடு அசிஸ்டன்ஸ்ல இருந்த பொண்ணு வேன்னு குறிச்சுக்கிட்டு கார் தூக்கற ஃப்ளாட்பெட்டை அனுப்பிடுச்சு. வந்தவர் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, தலையை ஆட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. சாயங்காலமாதான் லாரி மாதிரி பெரிய வண்டியை இழுக்கற ஹெவி ட்யூட்டி ரெக்கர் வந்துது. அந்த டிரைவர் முதல் வேலையா வண்டிக்கு அடியில படுத்து கியர்பாக்ஸையும் பின்சக்கரத்தையும் இணைக்கற டிரைவ்ஷாஃப்ட்டைக் கழட்டி, கம்பியால சேசிஸோட சேத்துக் கட்டினாரு. அதைக் கழட்டாம பின்சக்கரம் உருள இழுத்துட்டுப் போனா கியர்பாக்ஸ் காலி. இதைச் செய்யாம கொக்கி மாட்டற ஆள் வந்தா நீங்களே நிறுத்திடுங்க.

எங்கே கொண்டு போறதுங்கறதுக்கும் அவர்தான் வழி சொன்னாரு. "வேகஸ் எதுக்கு? டோனோபாவுல லாரி பாக்கற கேரேஜ் இருக்கே." அங்கே கொண்டு போனா ஒரு வார்த்தை பேசாம வேலையை எடுத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு 14,500 பவுண்டு வண்டியெல்லாம் குட்டி வண்டி. பார்ட் வேகஸ்லேருந்து வரணும், அதுவரைக்கும் யார்டுலயே தூங்கிக்கோங்கன்னுட்டாங்க. எங்கப்பா போக்குவரத்துக் கழக டிப்போவுல ஃபோர்மேனா இருந்து ரிடையர் ஆனவர். மெக்கானிக் பின்னாடியே நின்னவர், கழட்டிப்போட்ட பெல்ட்டை எடுத்து மடக்கிக் காட்டினாரு. உள்பக்கம் பூரா வெடிப்பு. அந்த ஆள் "யெஸ் சார்"னு புது பெல்ட்டும் போட்டாரு.

யார்டு சரிவா இருந்ததால சக்கரத்துக்கு அடியில பலகை வெச்சு வண்டியை மட்டம் பண்ணிக்கிட்டோம். கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ் சாய்ஞ்சு நின்னா வேலை செய்யாது, நாளடைவுல கெட்டும் போகும். என்ஜின் செத்தாலும் அது ஓடிச்சு, பாலும் மாவும் தப்பிச்சுது.

உங்களுக்கு என்ன ஆச்சு?

பாலைவனத்து அக்கா, ஃபீனிக்ஸ்

எங்களுக்கு ஸ்லைடு, அதான் வண்டியை நிறுத்தினதும் பக்கவாட்டுல வெளியே தள்ளிக்கற அறை. அரிசோனாவுல பேஜ் ஊர் பக்கத்துல லேக் பவல் பாக்கப் போயிருந்தோம். கிளம்பற அன்னைக்கு வெளியே தள்ளின அறை உள்ளே வரமாட்டேன்னு கோணலா சிக்கிக்கிச்சு. ஸ்லைடு வெளியே நீட்டிட்டிருந்தா ஓட்டவும் முடியாது, டோவும் பண்ண முடியாது. எங்க இடத்துக்கு அடுத்த ஆள் மத்தியானம் வரப்போறான்.

டீலருக்குப் போன் போட்டா முதல் கேள்வியே, "எங்ககிட்ட வாங்கின வண்டியா?" இல்லைன்னதும் ஒரு மாசத்துக்கு மேல தேதி குடுத்தாங்க. இதுல அவங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், சீசன்ல எல்லா இடத்துலயும் இதே பதில்தான். ஆனா வழியில மாட்டி நிக்கறவங்களுக்குன்னு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வெக்கலாம் இல்ல?

கேம்ப்கிரவுண்ட் ஆபீஸ்ல இருந்த பாட்டிதான் மொபைல் டெக், அதாவது இருக்கற இடத்துக்கே வந்து ரிப்பேர் பண்றவர், நம்பர் குடுத்தாங்க. பிக்கப்ல டூல்ஸோட வந்தாரு. முதல்ல பேட்டரி வோல்டேஜ் பாத்தாரு, அது சரியா இருந்துது. ரெண்டு பக்க மோட்டார்ல ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்திடுச்சாம். ரெண்டையும் பல்லிலேருந்து விடுவிச்சுட்டு, எங்க வீட்டு ஆளுங்க, பக்கத்து சைட் ஆளுங்கன்னு எல்லாரையும் ரெண்டு பக்கமும் நிறுத்தி, "ஒரே சமமா தள்ளுங்க"ன்னாரு. உள்ளே போனதும் ஓட்டும்போது நழுவாம இருக்க ஒரு கட்டையை அளந்து அறுத்து முட்டுக் குடுத்தாரு. மிச்சப் பயணம் பூரா ஸ்லைடு மூடியபடியேதான். ஃப்ரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கும், சாம்பார் பாத்திரத்தை சாய்ச்சு எடுத்தோம்.

ஹூஸ்டன் டிரெய்லர்

என் கதை வழியில் நின்றது அல்ல, யார்டில் கிடந்தது. 2021-இல் புது டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் ஆர்வி) வாங்கினோம். முதல் நீண்ட பயணத்திலேயே மழை பெய்ததும் முன்பக்கக் கூரைத் தையலில் கசிவு. வாரண்டி இருக்கிறதே என்று டீலரிடம் விட்டோம். ஒரு சீசனே போய்விட்டது.

வேலை நடந்தது சில மணி நேரம்தான். டீலர் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். எத்தனை மணி நேர வேலை என்று அவர்கள் ஒப்புதல் தர வேண்டும். பிறகு பார்ட் ஆர்டர். இங்குள்ள ஆர்விகளில் பெரும்பாலானவை இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் உருவாகின்றன, பார்ட்டும் அங்கிருந்துதான். அந்த ஒரே வருடத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்விகள் டீலர்களுக்குப் போயின, அதுவரை இல்லாத எண்ணிக்கை. விற்றவை கூடிய வேகத்துக்கு மெக்கானிக்குகள் கூடவில்லை.

பிறகு ஒரு பழைய ஆர்விக்காரர் சொன்ன வழி இது: படமெடுக்க மட்டும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒப்புதல், ஆர்டர் எல்லாம் முடிந்து பார்ட் கைக்கு வந்த பின் வண்டியை விடுங்கள். ஓட்டக்கூடிய நிலையில் இருக்கும் வண்டியை முன்கூட்டியே யார்டில் விட்டால் யாருக்கும் அவசரம் இருக்காது. இன்னொன்று, குறைபாடுள்ள வாகனத்தை மாற்றித் தரச் சொல்லும் சட்டம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பல மாநிலங்களில் ஆர்வியின் வீட்டுப் பகுதி அதற்குள் வராது.

பழைய லாரி

டயரை யாரும் பேசலையே. பட்டன் (டயர் மேல இருக்கற வரி) தேயலைன்னு நம்பாதீங்க. டயர் பக்கவாட்டுல இருக்கற டிஓடி (DOT) எழுத்துக்குப் பின்னாடி கடைசி நாலு நம்பரைப் பாருங்க. 2319-னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. ஆர்வி டயர் ஓடறதைவிட வெயில்ல நிக்கறதுதான் அதிகம், தேயறதுக்கு முந்தி வயசாயிடும். எங்க டிரெய்லர்ல ஒண்ணு வெடிச்சப்ப சக்கரத்துக்கு மேல இருந்த தரையையும் கழிவுநீர் பைப்பையும் சேத்துக் கிழிச்சுட்டுப் போச்சு. டயர் மாத்த அரை மணி, பைப்பும் தரையும் சரியாக வாரக்கணக்கு.

ரொறன்ரோ அண்ணை

நாங்கள் சுப்பீரியர் ஏரிக்கரையால வாவா எண்ட ஊர்ப்பக்கம் போனனாங்கள், செப்டம்பர் கடைசி. இரவு சரியான குளிர். ஹீற்றர் ஃபான் சுத்துது, நெருப்பு பத்தேல்லை. காஸ் இருக்கு, அடுப்பு எரியுது. மனுசி பிள்ளையளுக்கு எல்லா உடுப்பையும் மேல மேலாப் போட்டுவிட்டா.

அடுத்த நாள் வந்த மெக்கானிக் ஒண்டையும் கழட்டேல்லை, பற்றறியில மீற்றரை வச்சார். ஃபான் காத்து போதிய வேகத்தில வந்தால்தான் உள்ளுக்க ஒரு சின்னத் தகடு சாய்ஞ்சு காஸைத் திறக்க விடுமாம். வோல்ற் 10.5-க்குக் கிட்டப் போனா ஃபான் சுத்தும், ஆனா தகடு அசையாது. பழைய பற்றறியை மாத்தினதோட சரி. ஹீற்றரையே புதுசா வாங்கச் சொன்ன கடைக்காரனும் இருக்கிறான், பேர் வேண்டாம்.

புது ஆள், சிகாகோ

எல்லாரும் சொல்றதைப் படிச்சா பயமா இருக்கு. ஜூலையில அப்பா அம்மாவோட வாடகை ஆர்வியில யெல்லோஸ்டோன் போறோம். அப்பாவுக்கு சுகர், இன்சுலின் போடறாரு. வாடகை வண்டி நின்னா என்ன பண்ணணும்?

லாஸ் ஏஞ்சலஸ்வாசி

பயப்படாதீங்க தம்பி, வாடகைன்னா ஒரு வகையில சுலபம். எதையும் நீங்களா ரிப்பேர் பண்ணாதீங்க. முதல்ல வாடகைக்காரங்களுக்குப் போன், அவங்க ஓகே சொன்னதை மெசேஜ்ல வாங்கிக்கோங்க, அப்புறம்தான் மெக்கானிக். இல்லைன்னா காசு திரும்பி வராது. காருக்கு எடுத்த ரோட்சைடு அசிஸ்டன்ஸ் மெம்பர்ஷிப்ல ஆர்வி டோவும் வரும்னு நினைச்சுடாதீங்க, பெரும்பாலும் ஆர்விக்குத் தனியா சேக்கணும். டோவுக்குக் கூப்பிடும்போது வேன்னு சொல்லாம நீளம், உயரம், எடை மூணையும் சொல்லுங்க. வண்டிப் பேப்பர்லயோ உள்ளே ஒட்டின ஸ்டிக்கர்லயோ இருக்கும், கிளம்பும்போதே போட்டோ எடுத்துக்கோங்க.

பார்க்குக்குள்ள பல இடத்துல சிக்னல் கிடையாது. காடி (Cody) ஊர் பக்கம் கிழக்கு வாசல் வழியா போனா சில்வன் பாஸ்ங்கற மலைக்கணவாய் 8,500 அடிக்கு மேல. இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுட்டு வராம டோ-ஹால் பட்டனைப் போட்டுடுங்க, கியரே வண்டியைப் பிடிச்சுக்கும். சாவி வாங்கற இடத்துலயே ஸ்லைடை ரெண்டு தடவை, ஹீட்டரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அவங்க அவசரப்படுத்துவாங்க, கண்டுக்காதீங்க.

இன்சுலினை ஆர்வி ஃப்ரிட்ஜை நம்பி விடாதீங்க. அது ஜில்லுனு ஆகவே அரை நாள் பிடிக்கும், வெயில்ல தடுமாறும். தனியா ஒரு சின்ன ஐஸ் பெட்டி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். ஐஸ்மேல நேரா வைக்காம துணி சுத்தி வைங்க, உறைஞ்சா மருந்து வீண்.

புது ஆள், சிகாகோ

ரொம்ப நன்றி அண்ணா. ஐஸ் பெட்டி இன்னைக்கே வாங்கிடறேன். வண்டியோட டயர் தேதியைக் கேட்டு வாடகைக்காரங்களுக்கு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் இல்லை.