ஃபோனோடாக்டிக்ஸ்: மெய்ம்மயக்கமா, ஒலியொழுங்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மொழிபுனைவுக் கையேட்டில் ஒலியன் (பொருளை வேறுபடுத்தும் ஒலி), மாற்றொலி (இடத்துக்கேற்ப மாறும் அதன் வடிவம்), உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய கூறு) போன்றவற்றுக்கு நாம் அலைய வேண்டியிருக்கவில்லை. மொழியியலார் வழங்கும் சொற்களையே எடுத்துக்கொண்டோம். கான்லாங் (ஒருவர் திட்டமிட்டு உருவாக்கும் மொழி) என்பதற்குப் 'புனைமொழி' என்று முடிவாகிவிட்டது. நிரலாக்க மொழிகளையும் செயற்கை மொழி என்பதால் 'செயற்கை மொழி'யை விட்டுவிட்டோம். மிச்சம் இருப்பது ஃபோனோடாக்டிக்ஸ்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு மொழியில் என்னென்ன ஒலிகள் உண்டு என்பது ஒரு பட்டியல். அவற்றில் எது சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் நிற்கும், எதை அடுத்து எது வரும் என்பது வேறு செய்தி. அதைத்தான் ஃபோனோடாக்டிக்ஸ் என்கிறார்கள்.

2001-இல் வெளிவந்த டோக்கி போனா என்ற புனைமொழியைப் பாருங்கள். மெய் ஒன்பது: ப, த, க, ஸ, ம, ந, ல, ய, வ. உயிர் ஐந்து. ஒரு மெய், ஓர் உயிர், வேண்டுமானால் இறுதியில் ஒரு ன்: இதுதான் அசையின் வடிவம். ஒன்பதை ஐந்தால் பெருக்கினால் 45. யி, வு, வொ, தி ஆகிய நான்கும் விலக்கு, ஆக 41. சொல்லின் முதலில் மட்டும் உயிர் தனித்து வரலாம், அந்த ஐந்தையும் சேர்த்தால் 46. ன் சேர்ந்தும் சேராமலும் வருவதால் அதன் இரட்டிப்பு 92. மொத்த மொழிக்கும் அவ்வளவுதான் அசைகள். விலக்குக்கும் காரணம் உண்டு. யி-யை இ-யிலிருந்தும் வு-வை உ-விலிருந்தும் காது எளிதில் பிரிக்காது. தி என்பது பல மொழிகளில் சி-யின் பக்கம் நழுவிவிடும்.

'மெய்ம்மயக்கம்' (மெய்யை அடுத்து மெய் வருவது) என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

*

> தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

ஐயா, அதே தொல்காப்பியம்தான் இந்த இடத்தில் நம்மைத் தடுக்கிறது. மெய்ம்மயக்கம் நூன்மரபு என்ற இயலில் வருகிறது. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துகள் மொழிமரபு என்ற இயலில் வருகின்றன. நீங்கள் எண்ணிக் காட்டிய 92-இல் மெய்யும் மெய்யும் மயங்குவது எங்கே? ன்-னை அடுத்து இன்னோர் அசை வரும்போது மட்டும்தான். மற்றதெல்லாம் முதல், இறுதி, அசை வடிவம் பற்றியவை. பகுதியின் பெயரை முழுமைக்குச் சூட்டினால், பிறகு அந்தப் பகுதியைக் குறிக்கச் சொல் இல்லாமல் போகும்.

அந்தப் பகுதி நமக்குக் கட்டாயம் வேண்டும். தமிழில் க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும். ர், ழ் இரண்டும் தம்மோடு மயங்கவே மாட்டா. 'சக்தி' பழைய வழக்கில் 'சத்தி' ஆனதும், 'அக்டோபர்' இன்னும் உறுத்துவதும் இதனால்தான். மாணவருக்கு உடனிலை (தன்னோடு மயங்குவது), வேற்றுநிலை (வேறு மெய்யோடு மயங்குவது) என்ற பாகுபாட்டைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கே மெய்ம்மயக்கம் மெய்ம்மயக்கமாகவே இருக்கட்டும்.

இறுதிநிலைக்கு நம் சிங்கப்பூரின் ஊர்ப் பெயர்களே போதும். தொல்காப்பியம் சொல்லிறுதிக்கு ஒப்பும் மெய்கள் 11: ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள். நாம் அன்றாடம் எழுதும் செங்காங், ஜூரோங், சுவா சூ காங் மூன்றும் ங்-இல் முடிகின்றன. புக்கிட் பாத்தோக்கில் இரண்டு சொல்லும் வல்லினத்தில் நிற்கின்றன. மலாயில் அந்தக் கடைசி க் தொண்டையிலேயே அடைபடும். தமிழ்ப் பேச்சில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு 'பாத்தோக்கு' ஆகும். ஒரே பெயரை இரண்டு மொழிகள் இரண்டு விதமாகச் சரிசெய்கின்றன. கையேட்டின் முதல் பயிற்சியே இதுவாக இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவர் அறிந்த 'மயக்கம்' மயங்கொலிப் பிழையில் வருவது: ல, ள, ழ தடுமாற்றம். 'ஒலிமயக்கம்' என்று விரித்தாலும் அதே குழிதான். ஒலியமைவு, ஒலியிசைவு, ஒலியொழுங்கு என்று மூன்றை முன்வைக்கிறேன். எனக்குப் பிடித்தது கடைசி.

*

அக்கா சொன்ன மூன்றில் இரண்டு தாமாகவே கழிகின்றன. 'ஒலியமைவு' காதில் 'ஒலியமைப்பு' என்றே விழும். அதைத்தான் ஒலிகளின் முழு அமைப்புக்கும் வழங்குகிறோம். 'இசைவு' என்றால், ஒரு சொல்லின் உயிர்களெல்லாம் ஓரினமாக ஒத்துப்போகும் துருக்கிய வகை விதிக்கு என்ன செய்வது? அதற்கு 'உயிரிசைவு' மிக நன்றாகப் பொருந்துகிறது. மொழி புனைபவர்கள் விரும்பிக் கையாளும் விதி அது.

'ஒலியொழுங்கு' மீது ஒரு கேள்வி. பள்ளியில் ஒழுங்கு என்றால் ஒழுங்கு நடவடிக்கைதானே நினைவுக்கு வரும்? ஆனாலும் ஒழுங்குக்கு வரிசை என்ற பொருள் பழையது. யாழ்ப்பாணத்தார் சிறு தெருவை 'ஒழுங்கை' என்கிறார்கள். மின்தூக்கி (லிஃப்ட்), குடிநுழைவு (இமிகிரேஷன்) இரண்டும் இங்கே நிலைத்ததற்குக் காரணம், கேட்டவுடன் இரு பாதியும் விளங்குவதுதான். இதுவும் அப்படி விளங்குகிறது.

நான் வலியுறுத்த விரும்புவது எல்லைக்கோட்டை. ஒலியொழுங்கு நிலைத்த நிபந்தனை. புணர்ச்சி என்பது இலக்கணம் இரண்டு உருபன்களைச் சேர்க்கும்போது நடக்கும் செயல். மாணவர் தவறுவது இந்த இடத்தில்தான். மெய், உயிர், விரும்பினால் ன் என்று அசையை வகுத்துவிட்டுப் பன்மைக்குத் தனி 'க்' வைப்பார்கள். 'தமுன்' பன்மையில் 'தமுன்க்' ஆகி ஒழுங்கை மீறுகிறது. இதைச் சீர்செய்யத் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் கைவசம் உண்டு. க் கெட்டால் ஒருமையும் பன்மையும் ஒன்றாகிவிடும். இகரம் தோன்றினால் 'தமுன்கி', பிழைத்தது. ன் அப்படியே நிற்குமா, ங் ஆகத் திரியுமா என்பதையும் எழுதி வைக்க வேண்டும். தமிழிலேயே 'மான்கள்' திரியவில்லை, 'மரங்கள்' திரிகிறது.

1887-இன் எஸ்பெராண்டோ என்ற புனைமொழியில் பெயருக்கு ஓ, பன்மைக்கு ய், செயப்படுபொருளுக்கு ன். பூனை 'காத்தோ', 'பூனைகளை' என்பது 'காத்தோய்ன்'. ஈறு ய்ன் என்பதால் தமிழ் நாக்கு 'காத்தோயின்' என்று அவிழ்க்கும். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும் மொழி அது. இரண்டு அசை மூன்றானதும் அழுத்தம் 'கா'விலிருந்து 'தோ'வுக்குத் தாவிவிடுகிறது. ஓர் இகரம் செய்யும் வேலை இது. அதனால் கையேட்டில் ஒலியொழுங்கு முதலிலும் விகுதிப் பட்டியல் அதன் பிறகும் வர வேண்டும்.

எழுத்து பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். 'தகு' என்று எழுதினால் நடுக் ககரத்தைத் தமிழர் மென்மையாகத்தான் படிப்பார்கள். 'தக்கு' என்றால் இரட்டித்துப் படிப்பார்கள். ஒலிப்புள்ள, ஒலிப்பற்ற வல்லினங்களை (g, k போல) வேறுபடுத்தும் மொழியைத் தமிழ் எழுத்தில் மட்டும் புனைந்தால் அந்த வேறுபாடு தாளிலேயே தொலைந்துவிடும். தொடக்கநிலையில் அந்த வேறுபாடே வேண்டாம்.

*

ஒப்புக்கொள்கிறேன், மெய்ம்மயக்கத்தை மீட்டுக்கொள்கிறேன். தம்பி காட்டிய புணர்ச்சி எல்லைதான் என்னை மாற்றியது.

ஒன்று சேர்க்க வேண்டும். 'அசை' என்று சும்மா எழுதாதீர்கள். யாப்பில் 'பலா' ஒரே நிரையசை. மொழியியல் கணக்கில் அது இரண்டு. எனவே கையேடு முழுக்க 'ஒலியசை' என்று மாற்றுகிறேன்.

ஒலி ஒழுங்கு என்று பிரித்து எழுத வேண்டாம். இரண்டு வடிவம் புழங்கினால் தேடலில் பாதி கிடைக்காது. உடம்படுமெய் யகரம் வந்து 'ஒலியொழுங்கு' என்றானதே தமிழ் ஒலியொழுங்குக்கு நல்ல எடுத்துக்காட்டு, உயிரை அடுத்து உயிர் நிற்காது. பதிவு இப்படி இருக்கட்டும்:

ஒலியொழுங்கு: ஒரு மொழியின் ஒலியன்கள் சொல்லின் முதலிலும் இடையிலும் இறுதியிலும் எங்கே, எதனோடு வரலாம் என்னும் நிபந்தனைகளின் தொகுதி. மெய்ம்மயக்கம் இதன் ஒரு பகுதி. 'தெமுகு' தமிழில் பொருளற்றது, ஆனால் ஒலியொழுங்குக்கு உட்பட்டது. 'ட்லாமு' ஒலியொழுங்கை மீறியது.