தஞ்சாவூர் பெயிண்டிங் ஆர்டருக்கு கூலி எப்படி போடறீங்க?

ஸ்ரீரங்கம்காரி: கிளாஸ் போய் கத்துக்கிட்டு இப்ப வீட்லயே ஆர்டர் எடுத்து பண்றேன். 15க்கு 12 இன்ச்ல வெண்ணெய் கிருஷ்ணர் கேட்டாங்க, ரேட் சொன்னதும் "வீட்ல சும்மா இருக்கற நேரத்துல போடறதுதானேம்மா, பாத்து சொல்லு"ங்கறாங்க, இதே ஆளுங்க கடைக்குப் போனா பேசாம எண்ணி வச்சுட்டு வருவாங்க. பிளைவுட், கல்லு, தங்க ஃபாயில், ஃப்ரேம் எல்லாம் என் கைக்காசு. பொம்பளைங்க போட்டா ரேட் கம்மின்னு எழுதியா வச்சிருக்கு?

ராஜு வீட்டுப் பையன்: எங்க வீட்ல பரம்பரையா இதே வேலைதான். முன்னாடி பொம்பளைங்க புளியங்கொட்டை பசை காய்ச்சறது, பலகைல துணி ஒட்டறதோட சரி, முகம் எழுதறது பெரியவங்க மட்டும்தான். இப்ப எங்க அத்தை பொண்ணுதான் கண்ணு திறக்குது, அதாவது சாமி முகத்துல கண்ணு எழுதுது, எனக்கு அந்த கை வராது. ஆனா பார்ட்டி வந்தா இன்னும் "மாஸ்டர் இல்லையா"ன்னுதான் கேக்கறாங்க.

ஃபாயில் பைத்தியம்: ரேட் விழறதுக்கு ஆம்பளை பொம்பளை காரணம் இல்லைங்க. ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் முடிச்சு கிட் வாங்கி இமிடேஷன் ஃபாயில் ஒட்டி பாதி விலைக்கு தள்றாங்கல்ல, அதான். கொஞ்ச வருஷத்துல அது கறுத்துப் போகும், 22 கேரட் போட்டவங்களுக்கும் சேர்த்து கெட்ட பேரு.

ஸ்ரீரங்கம்காரி: கிட் விக்கறவங்க இருக்காங்க, ஒத்துக்கறேன். ஆனா நான் ஒரிஜினல்தான் போடறேன்னு பில்லை காட்டினாலும் அதே "சும்மா இருக்கற நேரம்" டயலாக்தானே வருது?

மதுரை மீனா: அக்கா, மொத்தமா ஒரே ரேட் சொல்லாதீங்க, அதான் பேரம் பேசறாங்க. ஃபாயில் பில்லு தனி, சாக்பவுடரும் பசையும் குழைச்சு மேடு வைக்கற மக்கு வேலை தனி, முகம் தனின்னு பிரிச்சு எழுதிக் கொடுங்க. மக்கு ஒரே தடவைல கனமா வச்சா காஞ்சு வெடிக்கும், லேயர் லேயரா வச்சு காய விடணும், அப்புறம் ஃபாயில் கிழியாம ஒவ்வொரு பள்ளத்துலயும் குச்சியால அழுத்தி இறக்கணும், அதை போன்ல வீடியோ எடுத்து அனுப்புங்க, பாதிப் பேர் வாய மூடிடுவாங்க. ஆர்டிசன் கார்டு இருக்கா? மத்திய அரசு கைவினை ஆணையர் ஆஃபீஸ்ல தர்றது, அது இருந்தா கண்காட்சில ஸ்டாலுக்கு அப்ளை பண்ணலாம். தமிழ்நாடு அரசோட கைவினைக் கடை பூம்புகார்லயும் கேட்டுப் பாருங்க. தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, பில்லுல அதையும் ஒரு வரி போட முடியுமான்னு விசாரிங்க, அதுக்கு தனியா பதிவு பண்ணணும்.

ஸ்ரீரங்கம்காரி: கார்டு இல்லப்பா, வர்ற வாரமே போறேன். பிரிச்சு எழுதறது நல்ல ஐடியா. முகத்துக்கு மட்டும் நீ எவ்வளவு போடற, இன்பாக்ஸ்ல சொல்லு.