ஏழாம் தொகுதியின் மின்னழுத்தச் சரிவு: உள் குறுக்குச்சுற்றைப் பிரித்தறிய உதவி தேவை

கோயம்புத்தூரில் நான் ஓட்டும் மின்சார ஸ்கூட்டரின் 48 வோல்ட் லித்தியம்-அயன் பேட்டரியில் (18650 வகை உருளைச் செல்கள்; நான்கு செல்கள் இணையாகச் சேர்ந்தது ஒரு தொகுதி, அப்படி 13 தொகுதிகள் தொடராக) ஏழாம் தொகுதி மட்டும், ஆறு நாள் ஓய்வில் 38 மில்லிவோல்ட் இறங்குகிறது, மற்றவை 3 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. மூன்று மாதங்களாக இச்சரிவு கூடி வருகிறது. பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ் பலகையைக் கழற்றிய பின்னும் அது நிற்காததால், கசிவு செல்லுக்குள்தான், அதாவது உள் குறுக்குச்சுற்றுதான் என்று கருதுகிறேன். தொட்டால் சூடு தெரியவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஓடும்போதே கண்டறிய, அடுத்தடுத்த தொகுதிகளின் மின்னழுத்தங்களுக்கு இடையிலான ஒட்டுறவுக் கெழுவை (இரண்டும் எந்த அளவு ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு) 60 வினாடிச் சாளரத்தில் கணக்கிட்டேன். ஆனால் மின்னோட்டம் நின்றவுடன் அளவீட்டு இரைச்சலே மேலோங்கி, நல்ல தொகுதிகளின் கெழுவும் சரிகிறது. சாளரத்தை 300 வினாடியாக்கியபோது பொய் எச்சரிக்கைகளோடு ஏழாம் தொகுதியின் அடையாளமும் மறைந்தது.

வினாடிக்கு ஒரு முறை, 5 மில்லிவோல்ட் படிநிலையில் கிடைக்கும் பதிவுகளிலிருந்து இத்தகைய மெல்லிய உள் குறுக்குச்சுற்றைப் பிரித்தறிய எம்முறை பொருந்தும்?