ஐடிலில் நடுங்கும் கார்: மவுண்டிங் தெரிந்தவர்கள் சேலத்தில் உண்டா?

வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் நாலு சிலிண்டர் டீசல் கார், ஐந்து ரோடு சிக்னலில் நின்றாலே ஸ்டியரிங் நடுங்குகிறது. ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது ஒன்றுமில்லை. ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போதுதான் இந்தக் கூத்து.

இன்ஜினைத் தாங்கி, அதன் அதிர்வு பாடிக்குப் போகாமல் தடுப்பதுதான் மவுண்டிங். இதில் இருப்பது வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் விசையால்) இயங்கும், உள்ளே திரவம் உள்ள ஹைட்ராலிக் மவுண்டிங். ஐடிலில் தளர்ந்து, ஓட்டத்தில் இறுக வேண்டும். ஐடிலில் 750 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 750 சுற்று) இன்ஜின் நொடிக்கு 25 முறை அதிரும். மவுண்டிங் தளராவிட்டால் அத்தனையும் பாடிக்குத்தான். வேக்குவம் குழாயோ, அந்த வேக்குவத்தைத் திறந்து மூடும் மின்வால்வான சொலினாய்டோ போயிருக்கும் என்பது என் சந்தேகம். மெக்கானிக்கோ சாதா ரப்பர் மவுண்டிங் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்படி மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், வேக்குவம் கேஜ் வைத்துச் சோதிக்கிற பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள். கொண்டலாம்பட்டி தாண்டி இருந்தாலும் சரி, வருகிறேன்.