ஆட்ஸ் ரேஷியோவை டி-யாக மாற்றினால் 1.10 வருகிறது, எங்கே தப்பு?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலா என்று ஒரு மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது) செய்கிறேன். ஏழெட்டு பேப்பரில் இரண்டு குழுவுக்கும் சராசரி, எஸ்டி (திட்டவிலக்கம்) இருந்தன, கோஹன் டி (இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தை எஸ்டி-யால் வகுத்தது) போட்டுவிட்டேன், எல்லாம் 0.3, 0.4 பக்கம்தான். ஒன்றில் மட்டும் ஆட்ஸ் ரேஷியோ, அதாவது மனச்சோர்வு உண்டு, இல்லை என்பவர்களின் விகிதம் ஒரு குழுவில் மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்பது, 2.0 (95% நம்பிக்கை இடைவெளி 1.2 முதல் 3.3) என்பதோடு நிறுத்திவிட்டார்கள். √3-ஐ π-ஆல் வகுத்து வரும் 0.5513-ஆல் பெருக்கினால் டி ஆகும் என்று படித்து, பெருக்கினால் 1.10! இன்னொன்றில் நடக்கும் நேரத்துக்கும் மனச்சோர்வு மதிப்பெண்ணுக்கும் ஆர் (ஒட்டுறவுக் கெழு) −0.20. திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும்.

நகரி தறிக்காரர்:
லாக் எடுத்தீர்களா தம்பி? பெருக்க வேண்டியது 2.0-ஐ அல்ல, அதன் இயல் மடக்கையை. 0.693 × 0.5513 = 0.38, மற்ற பேப்பர்களோடு ஒட்டிவிட்டதா? பிழையளவும் (ஸ்டாண்டர்ட் எரர்) அப்படித்தான்: 3.3, 1.2 இரண்டுக்கும் லாக் எடுத்துக் கழித்து 3.92-ஆல் வகுத்தால் 0.258, அதை மறுபடி 0.5513-ஆல் பெருக்கினால் 0.142. இதை விட்டுவிட்டால் அந்தப் பேப்பருக்கு எடை தப்பாக விழும்.
ஆர்-க்கு 2ஆர் ÷ √(1 − ஆர்²), அதாவது −0.41. குறியைப் பாருங்கள், அது நடப்பவர்கள் பக்கமிருந்து அளந்தது, உங்களுடையது நடக்காதவர்கள் பக்கம். திருப்பிப் போடாமல் சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

சித்தூரான்:
கணக்கு சரி. ஆனால் 0.5513 எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மனச்சோர்வு என்ற தொடர் அளவை ஓரிடத்தில் வெட்டித்தான் உண்டு, இல்லை என்று பிரித்தார்கள், அந்த அளவு லாஜிஸ்டிக் பரவலில் (மணி வடிவப் பரவல்களில் ஒன்று) இருக்கிறது என்று வைத்துக்கொண்ட சூத்திரம் அது. அந்தப் பேப்பர் உண்டு என்று சொன்னது மதிப்பெண்ணை வைத்தா, மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்தா? மாத்திரை என்றால் டி-யாக மாற்றுவதே சந்தேகம்தான். பெயர் ஒன்று என்பதால் ஊர் ஒன்றாகிவிடாது, என்னையே பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திராச் சித்தூரா என்று கேட்காத ஆளில்லை (ஆந்திரா).
ஆர் பேப்பரிலும் குழுவே கிடையாது, நேரத்தை இரண்டாக வெட்டியதாகப் பாவித்துத்தான் அந்த 0.41. மாற்றிய இரண்டையும் நீக்கிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
லாக் எடுக்கவே இல்லை, வெட்கமாக இருக்கிறது அண்ணா. அந்தப் பேப்பரைத் திரும்பப் பார்த்தேன், மதிப்பெண்ணை வெட்டித்தான் பிரித்திருக்கிறார்கள், அதனால் 0.38-ஐ வைத்துக்கொள்கிறேன். ஆர் பேப்பரைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வரிசையாகக் காட்டப்போகிறேன்.