ஊழியத்துக்காகக் குடும்பத்தோடு வெளிநாடு வந்தவர்களுக்கு: முதல் வருடம் பற்றி

புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் எழுதுகிறேன். நாங்கள் வந்து பதினோரு வருடமாகிறது.

என் விசாவில் 'டிபெண்டன்ட்' என்று அச்சடித்திருந்தது. அனுப்பிய சபையில் எங்கள் இரண்டு பேரையும் முழங்காலில் நிறுத்தி, இரண்டு பேர் தலையிலும் கைவைத்துத்தான் ஜெபித்து அனுப்பினார்கள். இறங்கிய மறுநாளே என் கணவர் மிஷனெரி, நான் அவரைச் சார்ந்தவள் என்று ஆகிவிட்டது. அவருக்கு மொழி வகுப்பு, போதகர்களோடு சந்திப்பு, பயணம். எனக்கு நாலு சுவரும் இரண்டு பிள்ளைகளும். நாலாவது மாதம் தூக்கம் போயிற்று. விசுவாசத்தில் குறைந்துபோனேன் என்று நினைப்பார்களே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன். முதல் வருடம் வீடு ஊன்றுவதுதான் உங்கள் ஊழியம். கூட்டங்கள் காத்திருக்கும்.

வங்காளத்துக்கு வந்த ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரியைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் எல்லோரும் கேட்டிருப்போம். அவர் மனைவி டாரதியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1793-ல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட அவருக்கு மனமே இல்லை. கைக்குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. தங்கையும் கூட வருவதென்றால் வருகிறேன் என்று கடைசி நேரத்தில் ஒத்துக்கொண்டார். வங்காளத்துக்கு வந்து ஒரு வருடம் நிறைவதற்குள், 1794-ல், ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதற்குப் பிறகு டாரதியின் மனம் குலைந்தது. 1807-ல் கண்மூடும் வரை தேறவில்லை. அடுத்த அறையில் அவர் கொந்தளித்துக்கொண்டிருக்க, இந்த அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அந்த வேலையை நான் மனதார மதிக்கிறேன். ஆனாலும் அந்த அடுத்த அறையை என்னால் மறக்க முடியவில்லை.

தம்பிமாரே, வாரத்தில் இரண்டு காலை நேரமாவது பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மனைவி மொழி வகுப்புக்குப் போகட்டும். மொழி தெரியாதவருக்குக் கடையும் மருத்துவமனையும் பிள்ளையின் பள்ளியும் பூட்டின கதவுதான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பற்றில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். ஜெபமும் செய்யுங்கள், மருந்தும் எடுங்கள். தமிழிலேயே ஆலோசனை சொல்கிறவர்கள் இப்போது வீடியோ அழைப்பில் கிடைக்கிறார்கள்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம். மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை எழுதித் தருவார்கள். அதில் மெஃப்ளோகுயின் என்ற மருந்து சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு கொண்டுவரும். முன்பு மனநோய்க்கு வைத்தியம் பார்த்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டாலும், காய்ச்சல் என்றால் அன்றைக்கே இரத்தம் பார்த்துவிட வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது குழந்தைகள் விஷயத்தில் கூடவே கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடு என்றால் குறைந்தது பத்து நாள் முன்பே போடுங்கள், சான்றிதழ் அப்போதுதான் செல்லும். 2016-லிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும், பத்திரமாக வையுங்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்குக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அந்த மணலுக்குச் சொந்தக்காரர்களான நாம் இப்போது இன்னொருவர் மணலில் உட்கார வந்திருக்கிறோம். பிள்ளைகளிடமும் பக்கத்து வீட்டுப் பாட்டிமாரிடமும் கற்றுக்கொள்ள வெட்கப்படாதீர்கள். நாலே வாக்கியம் பழகி, அதை ஒரே நாளில் இருபது பேரிடம் பேசிப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தில் இருநூறு சொல் எழுதுவதைவிட அது நிற்கும்.

உதவி செய்யத்தான் வந்திருக்கிறோம் என்ற நினைப்பும் சேர்ந்தே வரும். நான் பக்கத்து வீட்டுக்கு ஏதேதோ கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். ஒருநாள் அடுப்பு பற்றவில்லை, அவர்களிடம் போய்க் கைசாடையில் கேட்டேன். அந்த அம்மா வந்து சரிசெய்துவிட்டு ஒரு மணி நேரம் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் சிநேகம் அன்று தொடங்கியது. முதலில் கேட்கப் பழகுங்கள்.

விசாவில் பொய் வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்தால், பிடிபடும் அன்று நமக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கிறது. நம்மை அழைத்த உள்ளூர் சபைதான் பல வருடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, படிப்புச் சான்றுகளைப் புறப்படும் முன்பே அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு தரும் அத்தாட்சி) செய்துகொள்ளுங்கள். 1961 ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்தின் அத்தாட்சி வேண்டும்.

பணம் பற்றியும் ஒன்று: காணிக்கை கொடுத்து ஊழியத்தைத் தாங்குகிறவர்கள் அனுப்புவது ஒரு நாணயம், நீங்கள் செலவழிப்பது வேறு நாணயம். மாற்று விகிதம் சரிந்தால் காணிக்கை குறையாமலேயே கையில் குறையும். மூன்று மாதச் செலவும், குடும்பம் முழுவதும் திரும்புவதற்கான விமானக் கட்டணமும் தொடாத பணமாக இருக்கட்டும். ஊழியக் கணக்கும் வீட்டுக் கணக்கும் முதல் நாளிலிருந்தே தனித்தனி.

பிள்ளைகள். வெளிநாட்டில் வளரும் இவர்களை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று சொல்கிறார்கள். 1950-களில் இந்தியாவில் வசித்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோது ரூத் உசீம் என்ற சமூகவியலாளர் வைத்த பெயர் அது. பெற்றோரின் பண்பாடும் முழுதாக இல்லை, வந்த நாட்டுடையதும் முழுதாக இல்லை. இரண்டுக்கும் நடுவே தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள். 'நீ எந்த ஊர்?' என்று கேட்டால் என் மகள் இன்றும் ஒரு நொடி தயங்குவாள். அவசரப்படுத்தாதீர்கள். குடும்ப ஜெபம் தமிழில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் மொழி அதில்தான் தங்கியது. விடுமுறைக்குப் போகும்போது ஒவ்வொரு சபை மேடையிலும் அவர்களை நிறுத்திப் பாடச் சொல்லாதீர்கள். ஊழியச் செய்தி சொல்லி, தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தில் படம் போடுவதற்கு முன் அவர்களிடமே கேளுங்கள். உள்ளூர் மக்களின் படத்துக்கும் அதே நியாயம்தான். மதம் மாறியதை வெளியே சொல்வதே ஆபத்தான நாடுகளில் பெயரும் ஊரும் எழுதவே வேண்டாம்.

ஜெபக் கடிதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாதாமாதம் இத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று எண்ணிக்கை எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி எல்லோருக்கும் உண்டு. அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் பர்மாவில் இறங்கினார். முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். நடுவில் இருந்த ஆறு வருடக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். உண்மை எதுவோ அதை எழுதுங்கள்.

எட்டாவது மாதக் கடிதத்தில் என் கணவர், 'வீட்டில் அவளுக்குத் தூக்கமில்லை, நான் கவனிக்கத் தவறிவிட்டேன், ஜெபியுங்கள்' என்று எழுதினார். எழுதலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினார். ஊழியத்தில் முப்பது வருடம் இருந்த ஓர் அக்காவிடமிருந்து பதில் வந்தது. 'எனக்கும் அப்படித்தான் இருந்தது. கூப்பிடு' என்ற இரண்டு வரியும் ஒரு தொலைபேசி எண்ணும். அன்று இரவே கூப்பிட்டேன்.

தூக்கம் வராமல் இதை வாசித்துக்கொண்டிருக்கும் தங்கச்சி யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.